பிலிம் றோலும் மெமரிக் காட்டும்: வன்னியில் ஒளிப்படம் கடந்து வந்த பாதை

எமது பாடசாலையின் நூற்றாண்டு மலருக்குப் பழைய படங்கள் தேவை என்று சங்கம் அறிவித்தபோது, வந்து சேரும் படங்களைத் தரம்பிரிக்கும் பொறுப்பு ஒளிப்படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பழைய மாணவிகளாகிய எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எங்களில் வைத்தியர்கள், ஆசிரியைகள், வங்கி உத்தியோகத்தர், வெளிநாடுகளில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாய்மார் எனப் பலரும் உள்ளனர். தொழில்முறைப் படப்பிடிப்பாளர் ஒருவரும் இல்லை. எங்களுட் சிலர் இன்றும் பிலிம் கமராவைக் கைவிடாதவர்கள். சிலர் டிஜிட்டலில் மட்டும் எடுப்பவர்கள். பலர் இரண்டையும் கலந்து பயன்படுத்துபவர்கள்.

வந்த படங்களை ஆண்டு வாரியாக அடுக்கியபோது ஒரு விடயம் எங்களை யோசிக்க வைத்தது. 1950களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் வந்திருந்தன. 1970களின் பரிசளிப்பு விழாக்களும் 1980களின் இல்ல விளையாட்டுப் போட்டிகளும் வந்திருந்தன. ஆனால் 2002இலிருந்து 2009 வரையான காலத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய படங்களே கிடைத்தன. கமராக்கள் பெருகிய காலம் அது. அப்படியிருக்கப் படங்கள் ஏன் அருகிப்போயின? இக்கேள்விக்கு விடை தேடப் புறப்பட்ட நாங்கள், ஒளிப்படக் கலையின் வரலாற்றையும் எமது மண்ணின் வரலாற்றையும் சேர்த்தே படிக்க வேண்டியதாயிற்று.

ஒளிப்படம் இலங்கைக்கு வந்த கதை

பிரான்ஸ் நாட்டவரான டாகுவேர் கண்டுபிடித்த ஒளிப்பட முறை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் அக்கலை இலங்கைக்கும் வந்துவிட்டது. ஆங்கிலேய ஆட்சியாளரும் தோட்டத் துரைமாரும் புராதன இடிபாடுகளையும் கோப்பித் தோட்டங்களையும் துறைமுகங்களையும் படம்பிடிக்க விரும்பினர். 1890இல் தொடங்கப்பட்ட பிளாற்றே நிறுவனம் நாட்டின் பெயர்பெற்ற ஸ்ரூடியோவாக வளர்ந்தது. அவர்களுடைய தபாலட்டைகள் கப்பலேறிப் பல நாடுகளுக்கும் சென்றன.

அக்காலத்தவருள் ஒருவரைப் பழைய மாணவிகள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். அவர் ஜூலியா மார்கிரெட் கமரன். கல்கத்தாவில் 1815இல் பிறந்த அவருக்கு 48ஆவது வயதில் மகள் ஒரு கமராவைப் பரிசளித்தார். அதுவரை ஒளிப்படத்தைத் தொழிலாகக் கொள்ளாத அந்தக் குடும்பப் பெண், ஒளிப்பட வரலாற்றில் நிலைத்துநிற்கும் உருவப்படங்களை அதன் பின்னரே எடுத்தார். 1875இல் கணவருடன் இலங்கையில் குடியேறி, இங்குள்ள சாதாரண மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்து, 1879இல் இம்மண்ணிலேயே காலமானார். பொழுதுபோக்காக ஒன்றைத் தொடங்குவதற்கு வயது பிந்திவிட்டது என்று தயங்கும் எமது வயதினருக்கு அவருடைய வாழ்க்கை நல்ல பதில்.

கொழும்பில் லயனல் வென்ட் அரங்குக்குப் போயிருப்பவர்கள் பலர். அந்தப் பெயருக்குரியவர் (1900 - 1944) சட்டம் படித்தவர், பியானோ வாசிப்பில் தேர்ந்தவர். ஒளிப்படத்தை ஆசைக்காகத் தொடங்கி, இந்நாட்டின் தலைசிறந்த ஒளிப்படக் கலைஞராகவே ஆனவர். இக்கலையை வளர்த்தவர்களில் இத்தகைய ஆர்வலர்கள் முக்கியமானவர்கள் என்பதில் எங்களுக்குச் சிறிது பெருமை உண்டு.

கமரா சாதாரண மக்களின் கைக்கு வந்ததற்கு இரண்டு நிகழ்வுகளைக் காரணமாகக் கூறலாம். 1900இல் கொடக் நிறுவனம் பிரவுணி என்னும் பெட்டிக் கமராவை அமெரிக்காவில் ஒரு டொலருக்கு விற்கத் தொடங்கியது. 1925இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரக் கண்காட்சியில் லைக்கா கமரா அறிமுகமானது. சினிமாப் படச்சுருளை ஒளிப்படத்துக்குப் பயன்படுத்தி, 24 மில்லிமீற்றருக்கு 36 மில்லிமீற்றர் அளவான சட்டகத்தை உலக வழக்காக்கியது அந்தக் கமராவே. 36 படங்கள் கொண்ட பிலிம் றோல் எமது வீடுகளுக்குள் வந்தது அந்த வழியாகத்தான். இன்றைய விலைகூடிய டிஜிட்டல் கமராக்கள் பலவற்றின் உள்ளே இருக்கும் உணரியின் அளவும் அதே 24க்கு 36 என்பதைப் பலர் அறியமாட்டார்கள். பழையதற்கும் புதியதற்கும் உறவு அறுந்துவிடவில்லை.

வாங்கில் ஏறி நின்ற வரிசைகள்

வன்னியின் கிராமங்களில் நீண்டகாலம் ஒளிப்படம் என்பது நல்ல நாள், கெட்ட நாள்களுக்கு மட்டும் உரியது. கலியாணத்துக்கு ஒரு படம், பிள்ளைக்கு ஒரு வயதானால் ஒரு படம், செத்தவீட்டில் ஒரு படம். இதற்கு அடுத்தபடியாக எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாகக் கிடைத்தது பாடசாலையின் குழுப்படம். வீட்டில் கமரா இல்லாத, ஸ்ரூடியோவுக்குப் போகக் காசில்லாத பிள்ளைக்கும் வகுப்புப் படத்தில் இடம் இருந்தது. முன்வரிசை நிலத்தில், அடுத்த வரிசை கதிரையில் ஆசிரியர்களுடன், அதன் பின்னால் நிற்பவர்கள், கடைசி வரிசை வாங்கின் மேல். இந்த அடுக்கை நூறு ஆண்டுகளாக யாரும் மாற்றவில்லை.

1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டமை இன்னொரு திருப்பம். அட்டைக்குப் படம் தேவை. வயலையும் காட்டையும் விட்டு வெளியே போகாத ஆச்சிமாரும் அப்புமாரும் பட்டினத்து ஸ்ரூடியோவில் முதன்முதலாகக் கமராவின் முன் இருந்தது பெரும்பாலும் அதற்காகவே. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை தேவைப்பட்டதால் மாணவிகளும் அந்தக் கறுத்தத் திரைக்குப் பின்னால் போய்வந்தனர். சிரிக்கவும் கூடாது, தலை சாயவும் கூடாது. எமது பல குடும்பங்களில் ஒருவருடைய ஒரேயொரு தனிப்படமாக மிஞ்சியிருப்பது அந்த அடையாள அட்டைப் படம்தான்.

பிலிம் காலத்துப் படத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு றோலில் 36 படம். அது முடிந்தால்தான் கழுவக் கொடுக்கலாம். ஆகவே சித்திரை வருடப்பிறப்பும் இல்ல விளையாட்டுப் போட்டியும் தங்கச்சியின் சாமத்தியவீடும் ஒரே றோலில் அடுத்தடுத்து இருக்கும். ஒரு நெகட்டிவ் கீற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் ஆறு மாதம் வரிசையாகத் தெரியும். இந்த வரிசையே இன்று எங்களுக்குத் துப்பாக உதவுகிறது. திகதி தெரியாத பாடசாலைப் படம் ஒன்றின் காலத்தை, அதே கீற்றில் அடுத்திருக்கும் கலியாணப் படத்தைக் கொண்டு கண்டுபிடித்திருக்கிறோம்.

மின்சாரம் இல்லாத ஆண்டுகள்

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியதும் வடக்கின் வாழ்க்கை வேறாகியது. வவுனியாவுக்கு வடக்கே ரயில் ஓடவில்லை. கிளிநொச்சிக்கு அது மீண்டும் வந்தது 2013 செப்டெம்பரில்தான். மின்சாரம் நின்றது. எரிபொருளும் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்தை எமது வயதினர் மறக்கமாட்டார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து புறப்பட்ட இலட்சக்கணக்கான மக்களில் பெருந்தொகையினர் கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டி வன்னிக்கு வந்தனர். 1996இல் முல்லைத்தீவும் கிளிநொச்சியும், 1997 முதல் ஏ9 வீதியை அண்டிய கிராமங்களும் போர்க்களமாயின. பாடசாலைகள் மரநிழலிலும் கொட்டிலிலும் நடந்தன.

இந்தச் சூழலில் பிலிம் கமராவின் இயல்பு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பென்ரக்ஸ் கே1000 போன்ற பொறிமுறைக் கமராவில் பற்றறி தேவைப்படுவது ஒளியை அளக்கும் முள்ளுக்கு மட்டுமே. பற்றறி இல்லாவிட்டாலும் கமரா இயங்கும். ஒளியை அளக்கக் கருவியும் வேண்டியதில்லை. நல்ல வெயிலில் துவாரத்தை 16இல் வைத்து, பிலிமின் வேகம் 100 என்றால் செக்கனில் 125இல் ஒரு பங்கு நேரம் திறந்தால் போதும் என்பது உலகெங்கும் படம் எடுப்பவர்கள் கைக்கொள்ளும் விதி. வன்னியில் ஆண்டின் பெரும்பகுதிக்கு இந்த விதி பிழைக்காது. எடுத்த படத்தைக் கழுவும் நாள் வரை பிலிமுக்கு மின்சாரமும் தேவையில்லை. அந்த இருண்ட ஆண்டுகளிலிருந்து எங்களுக்குக் கிடைத்த சில படங்கள் பிலிமில் உள்ளவை என்பதில் வியப்பில்லை.

பாதை திறந்தது, கமரா மாறியது

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தாகி ஏ9 பாதையும் திறந்தது. பல ஆண்டுகள் பிரிந்திருந்த உறவுகள் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்து இறங்கினார்கள். அவர்களுடன் டிஜிட்டல் கமராக்களும் வந்தன. எடுத்த படத்தை உடனே சிறிய திரையில் பார்க்கலாம் என்பதே அன்று அதிசயம்.

டிஜிட்டல் கமராவின் தொடக்கமும் சுவையான கதைதான். 1975இல் அதன் முதல் மாதிரியைச் செய்தவர் பிலிம் விற்றே வளர்ந்த கொடக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன். 3.6 கிலோகிராம் எடை, பத்தாயிரம் புள்ளிகள் மட்டுமே கொண்ட படம், அதை ஒலிநாடாக் கசெற்றில் பதிய 23 செக்கன். தான் பெற்றெடுத்த பிள்ளையை அந்த நிறுவனமே உரிய காலத்தில் வளர்க்கவில்லை. 2012 ஜனவரியில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

பிலிமுக்கு ஆன செலவு இனி இல்லை என்றதும் எமது ஊரிலும் நூற்றுக்கணக்கில் படம் எடுத்தார்கள். ஆனால் ஒரு பழக்கம் மெல்ல நின்றுபோயிற்று. பிலிமாக இருந்தால் கழுவி அச்செடுக்காமல் படத்தைப் பார்க்கவே முடியாது. அச்செடுத்தால் இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ கடிதத்தில் வைத்து அனுப்புவது வழக்கம். டிஜிட்டலில் அந்தத் தேவை இல்லை. படங்கள் கமராவிலும் கணினியிலும் சீடித் தட்டிலும் தங்கிவிட்டன.

2004 டிசெம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலை தாக்கியபோது உயிர்களோடும் வீடுகளோடும் அல்பங்களும் போயின. இதிலும் பிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் வேறுபாடு உண்டு. பிலிம் கால அச்சுகள் தண்ணீரில் கழுவப்பட்டே உருவானவை. அவை நனைந்தாலும், ஒன்றோடொன்று ஒட்டிக் காய்வதற்கு முன்னர் குளிர்ந்த நன்னீரில் அலசி நிழலில் உலர்த்தினால் பலவற்றைக் காப்பாற்றலாம். சாதாரண இங்க்ஜெற் அச்சின் மை தண்ணீரில் கரைந்துவிடும். 2011இல் யப்பானை ஆழிப்பேரலை தாக்கியபின், புஜிபிலிம் நிறுவனமும் தொண்டர்களும் சேற்றிலிருந்து எடுத்த பெருந்தொகைப் படங்களைக் கழுவி உரியவர்களைத் தேடிக் கொடுத்தது இந்த முறையில்தான்.

2006 ஓகஸ்ட்டில் ஏ9 மீண்டும் மூடப்பட்டது. அதன் பின் 2009 மே வரை நடந்தவற்றை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் சுமையைக் குறைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் கையில் மிஞ்சியது ஒரு சொப்பிங் பை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ், சிலரிடம் நான்கைந்து படங்கள். கணினியைத் தூக்கிக்கொண்டு ஓட யாராலும் முடியாது. சில படங்களை வைத்திருக்கவே பயந்து நிலத்தில் புதைத்தவர்களும் எரித்தவர்களும் உண்டு. செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் அடைபட்டிருந்தனர். அது மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையே இல்லை. அல்பத்தைத் தேடுவது எங்கே?

எங்கள் கேள்விக்கான விடை இதுதான். எங்களிடம் வந்து சேர்ந்த பழைய பிலிம் படங்களிற் பெரும்பாலானவை வன்னியில் இருந்தவை அல்ல. 1970களிலும் 1980களிலும் கடிதத்தோடு வெளியே அனுப்பப்பட்ட இரண்டாம் பிரதிகள் அவை. ரொறன்ரோவில் ஒரு மச்சாளின் அலமாரியிலும், கொழும்பில் ஒரு பெரியம்மாவின் ட்ரங்குப் பெட்டியிலும் இருந்தவை. பிரதி எடுத்து அனுப்பாத புதிய படங்களோ இருந்த இடத்திலேயே அழிந்தன. டிஜிட்டல் கெட்டது, பிலிம் நல்லது என்பதல்ல இதன் பொருள். ஒரு படம் பிழைக்க வேண்டுமானால் அது ஒரே ஊரில், ஒரே கூரையின் கீழ் மட்டும் இருக்கக்கூடாது.

தாய்மாரின் கையிலுள்ள படங்கள்

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரம் பந்தலிட்டுத் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். முல்லைத்தீவிலும் அவ்வாறே இருந்தனர். அவர்கள் கையில் ஏந்தியிருந்த, பொலித்தீன் உறையிட்ட படங்களை உற்றுப் பாருங்கள். ஒளிப்படம் தெரிந்தவர்களுக்கு அவை எங்கிருந்து வந்தவை என்பது புரியும். சில அடையாள அட்டைப் படத்திலிருந்து பெருப்பித்தவை. சில கலியாணப் படத்தில் ஓரத்தில் நின்ற ஒருவரை வெட்டியெடுத்தவை. வெள்ளைச் சீருடையும் ரையும் தெரிபவை பாடசாலைக் குழுப்படத்திலிருந்து வந்தவை. பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தோளும் சில வேளை அதில் தெரியும்.

வகுப்புப் படம் எடுத்த அன்று அதற்கு இப்படியொரு பயன் வரும் என்று ஆர் நினைத்தார்கள்? நெகட்டிவ் கையில் இருந்தால் அந்த முகத்தை இன்னும் தெளிவாக எடுத்துக் கொடுக்க முடியும். எங்கோ ஒரு பழைய மாணவியிடம் இருக்கும் குழுப்படத்தின் நல்ல பிரதி, இங்கே ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் முகமாக இருக்கலாம். நூற்றாண்டு மலர் அச்சாகி முடிந்த பின்னரும் இந்த வேலையை நாங்கள் நிறுத்தப்போவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

இரண்டையும் ஏன் கலக்கிறோம்

பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் எங்களிடம் இளைய தங்கைமார் கேட்பதுண்டு: “அக்கா, போனிலேயே நல்ல படம் வருகுதே, பிறகு ஏன் இந்தப் பழைய கமரா?”

முதற் காரணம் எமது சீருடைதான். மத்தியான வெயிலில் வெள்ளைச் சட்டை போட்ட, மாநிறமும் கறுப்புமான பிள்ளைகளைப் படம் எடுத்துப் பாருங்கள். டிஜிட்டலில் முகம் தெளிவாக வரும்படி ஒளியைக் கூட்டினால் சட்டையின் மடிப்பும் பட்டியும் வெளிறிப் போய்விடும்; ஒருமுறை வெளிறிய இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நெகட்டிவ் பிலிம் இதற்கு எதிர்மாறானது. ஒளி கூடினால் தாங்கும்; குறைந்தால் தாங்காது. ஆகவே டிஜிட்டலில் வெளிச்சமான இடத்தைப் பார்த்தும், பிலிமில் நிழலான இடத்தைப் பார்த்தும் ஒளியைத் தீர்மானிக்கிறோம். இரண்டையும் கையாளும்போதுதான் ஒளியைப் பற்றிய அறிவு முழுமையாகிறது.

நிறம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கலர் பிலிமின் அச்சு நிறத்தைச் சரிபார்க்க ஆய்வுகூடங்களில் நீண்டகாலம் பயன்பட்டது ஷேர்லி அட்டை எனப்பட்ட, வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம். அவருடைய தோலின் நிறமே அளவுகோல். மற்ற நிறத்தவரையும் சேர்த்த அட்டைகள் 1990களில்தான் வந்தன. பழைய கலர்ப் படங்களில் எமது முகங்கள் இருண்டு தெரிவதற்கு அந்த அளவுகோலிலும் ஒரு பங்கு உண்டு. இன்று நெகட்டிவை ஸ்கான் செய்யும்போது அந்த முகங்களுக்கு உரிய நிறத்தை எங்களால் திருப்பிக் கொடுக்க முடிகிறது. பிலிம் பதிந்து வைத்ததை டிஜிட்டல் வெளிக்கொணர்கிறது.

வில்லைகள் இன்னொரு காரணம். நிக்கோன் 1959இல் கொண்டுவந்த பொருத்து வளையத்தை இன்றுவரை தொடர்கிறது. பல பழைய வில்லைகள் வளையம் மாற்றிப் புதிய கமராக்களிலும் பொருந்தும். அப்பா விட்டுச்சென்ற வில்லையால் பேரப்பிள்ளையைப் படம் எடுக்கிற சந்தோஷம் எங்களிற் சிலருக்கு உண்டு. பிலிம் செத்துவிட்டது என்று சொல்லப்பட்ட பிறகும் பென்ரக்ஸ் நிறுவனம் 2024இல் புதிய பிலிம் கமரா ஒன்றை வெளியிட்டது. ஆயினும் பிலிமும் கழுவும் செலவும் இன்று எட்டாத விலை. அதனால் ஒளியையும் சட்டகத்தையும் டிஜிட்டலில் பார்த்துத் தெளிந்தபின் பிலிமில் ஒரு படம் எடுப்பது எங்கள் வழக்கம்.

வைத்தியசாலையில் வேலை செய்யும் எங்களுக்கு இந்த மாற்றம் தொழிலிலும் தெரிந்ததே. 1895இல் றொன்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்கதிர்ப் படமும் வெள்ளி பூசிய பிலிமில்தான் வந்தது; சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில் கழுவி, நனைந்தபடியே வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தோம். இப்போது திரையில் பார்க்கிறோம். ஆனால் எந்தக் காலத்திலும் மாறாத விதி ஒன்று உண்டு. பெயரும் திகதியும், இடம் வலம் என்ற அடையாளமும் இல்லாத எக்ஸ்றே எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதை நம்பி நோயாளியைத் தொட முடியாது. குழுப்படமும் அப்படித்தான். பெயர் தெரியாத 40 முகங்கள் வெறும் 40 முகங்களே.

உங்களிடம் கேட்பவை

உலகெங்கும் பரந்திருக்கும் பழைய மாணவிகளே, எங்கள் அனுபவத்தில் கண்டவற்றைச் சொல்கிறோம்.

அச்சுப் படத்தை விட நெகட்டிவ் பெறுமதியானது. படக்கடை உறைக்குள் இருக்கும் கீற்றுகளை எறிந்துவிடாதீர்கள். வினாகிரி மணம் வந்தால் பிலிமின் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் ஸ்கான் செய்யுங்கள். 35 மில்லிமீற்றர் நெகட்டிவுக்கு அங்குலத்துக்கு 2400 புள்ளிகளுக்குக் குறையாமலும், அச்சுப் படத்துக்கு 600 புள்ளிகளிலும் எடுத்தால் நல்லது. ஸ்கானர் இல்லாவிட்டால் வெளிச்சத் தட்டின் மேல் நெகட்டிவை வைத்து, கிட்டத்தில் எடுக்கும் வில்லை பூட்டிய டிஜிட்டல் கமராவால் எடுத்து நிறத்தை மறுதலையாக்கலாம். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.

1970, 1980களின் கலர் அச்சுகள் சிவந்து போயிருந்தால் கவலைப்பட வேண்டாம்; ஓரளவு திருத்தலாம். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தை இழுக்க வேண்டாம். கண்ணாடியோடே ஸ்கான் செய்யுங்கள். பசை பூசிய அல்பத் தாள்கள் படத்தைக் கெடுக்கும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கள்; ஸ்ரூடியோவின் முத்திரையும் பென்சிற் குறிப்பும் அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். டொக்கியுமென்ற் ஆக அனுப்புங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றுள் ஒன்றாவது வேறொரு ஊரில் என்ற ஒழுங்கை எங்களுக்கு எமது வரலாறே கற்பித்துவிட்டது. போனில் மட்டும் இருக்கும் படங்களில் ஆண்டுக்குப் பத்தையாவது அச்செடுத்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நோயாளியின் அனுமதியின்றி அவருடைய படத்தை வெளியிடுவதில்லை என்பது எங்கள் தொழிலின் ஒழுக்கம். பழைய பாடசாலைப் படங்களுக்கும் அதையே பின்பற்றுகிறோம். சில படங்கள் ஒரு குடும்பத்தின் துயரமாக இருக்கலாம். சில இன்றும் ஒருவருக்குச் சங்கடம் தரலாம். எல்லாவற்றையும் முகநூலில் போட வேண்டியதில்லை. காப்பது ஒன்று, வெளியிடுவது இன்னொன்று. வெளியிடக்கூடியவற்றைப் பொதுவில் பாதுகாக்க, 2005 முதல் ஈழத்து நூல்களையும் மலர்களையும் எண்ணிம வடிவில் ஆவணப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் முயற்சி எமக்கு நல்ல முன்மாதிரி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகியதைக் கண்ட சமூகம், ஒரே கட்டடத்தை நம்பக்கூடாது என்று கற்றுக்கொண்டதன் விளைவு அது.

எல்லாவற்றையும் விட அவசரமானது பெயர்கள்தான். நிறம் மங்கிய படத்தைக் கணினி திருத்தும். கிழிந்த படத்தை ஒட்டலாம். ஆனால் 1958ஆம் ஆண்டு வகுப்புப் படத்தில் மூன்றாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாவதாக நிற்பவர் யார் என்பதை, பக்கத்தில் நின்றவர்தான் சொல்ல முடியும். அந்த அக்காமார் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். வீட்டில் அப்படியொருவர் இருந்தால், இந்த மலரைப் படித்து முடித்ததும் படத்தை அவர் கையில் கொடுங்கள். அவர் சொல்லும் பெயர்களை வரிசையாக எழுதி, திகதியிட்டு, படத்தோடு எங்களுக்கு அனுப்பி வையுங்கள்.